மருத்துவக் காப்பீடும் மறுப்போலையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இம்மேடையில் யாம் ஏறும்போதெல்லாம் இலக்கியம் பற்றி உரை நிகழ்த்துவதே வழக்கம். இம்முறை நம் செயலாளர் எமது இல்லம் போந்து, "ஐயா, பாட்டும் உரையும் அடுத்த மாதம் ஆகட்டும். ஆஸ்பத்திரிச் செலவைத் தரமாட்டோம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியார் எழுதிவிடுகிறார்கள். நம்மவர்களும் அக்கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு வாய் திறவாமல் இருந்துவிடுகிறார்கள். அதனைப் பற்றிப் பேசுங்கள்" என்று பணித்தார். யாம் வழக்கறிஞர் அல்லோம், மருத்துவரும் அல்லோம். பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியராகிய எமக்கு இதில் என்ன உரிமை என்று முதற்கண் தயங்கினோம். பின்னர், பாலிசி என்பதும் ஓர் ஏடே, ஏட்டைப் புரட்டிச் சொல்லுக்குப் பொருள் காண்டல் எம் தொழிலே என்று தேறி ஒருப்பட்டோம். பிழை காணின் இவ்வவையில் வீற்றிருக்கும் வழக்கறிஞ அன்பர்கள் திருத்துவார்களாக.

கடைவீதியிற் பாத்திரக் கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவர், 2019 ஆம் ஆண்டு வைகாசித் திங்களில் 5 இலட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு செய்துகொண்டார். அவர்தம் இசைவு பெற்றே இதனைக் கூறுகின்றோம், பெயர் கூறோம். ஏஜெண்டு கடைத்திண்ணையில் அமர்ந்து ஆங்கிலப் படிவத்தைத் தாமே நிரப்பினார். "இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு கையெழுத்து" என்று விரலாற் சுட்டினார். இவர் தமிழிற் கையொப்பமிட்டார். ஆண்டுதோறும் தவணை தவறாது பிரீமியமும் செலுத்தி வந்தார். 2023 ஆடியில் ஒருநாள் விடியற்காலையில் இவர்க்கு நெஞ்சுவலி கண்டது. மகன் வெளியூரில் இருந்தமையால் மருமகளே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றாள். அவசரப் பிரிவில் இருந்த பயிற்சி மருத்துவர், "சர்க்கரை உண்டா?" என வினவினார். அப்பெண், "இருக்கு டாக்டர், மாமா ரொம்ப நாளா மாத்திரை சாப்பிடறாங்க" என்றாள்.

இந்த "ரொம்ப நாளா" என்னும் சொல்லை அவையோர் நினைவில் இருத்துக. அப்பெண் அவ்வீட்டில் வாழ்க்கைப்பட்டது 2022 தையில். அவ்வாண்டு மாசியில் நடந்த இலவச மருத்துவ முகாம் ஒன்றிலேதான் மாமனார்க்கு நீரிழிவு உண்டென்பது கண்டறியப்பட்டது. தான் புகுந்த நாள்முதல் அவர் மாத்திரை விழுங்குவதைக் கண்டவளாகலின், அவளுக்கு அஃது "ரொம்ப நாள்"தான். மருத்துவரோ நோய்வரலாற்றுத் தாளில், ஆங்கிலத்தில், "நீரிழிவு, பத்தாண்டு" என்று எழுதிவிட்டார். எண்ணில்லாத ஒரு சொல் எண்ணாக மாறியது அவ்வொரு நொடியிலேயாம். அவர்மேலும் பெருங்குற்றம் கூற இயலாது. விடியற்காலை நான்கு மணிக்கு ஐந்தாறு நோயாளர் நடுவில் நின்று எழுதுபவர் சொல்லாராய்ச்சி செய்துகொண்டிரார்.

இதயக் குழாயில் அடைப்பு. இரண்டு ஸ்டென்ட் வைத்தனர். கம்பெனியார் "கேஷ்லெஸ்" இசைவு தர மறுத்தனர். 2,85,000 ரூபாய்க்கு மருமகளின் நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன. ஆவணியில் கம்பெனியின் கடிதம் வந்தது: பாலிசி எடுக்குமுன்னரே இருந்த நோயை மறைத்தமையால் கோரிக்கை மறுக்கப்படுகின்றது, பாலிசியும் ரத்து செய்யப்படுகின்றது. ஏஜெண்டின் தூண்டுதலால் ஓர் ஆட்சேபம் அனுப்பினார். "முடிவில் மாற்றமில்லை" என்று புரட்டாசியில் விடை வந்தது. அவ்விரு கடிதங்களையும் கல்லாப்பெட்டியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டியவர் 2024 கார்த்திகை வரையில் எடுக்கவில்லை.

பதினான்கு திங்கள்! ஏன் வாளா இருந்தீர் என்று வினவினோம். "நாற்பது வருஷமாக இந்த வீதியில் எடைக்குறைவு என்று ஒருவர் சொன்னதில்லை. மறைத்தான் என்று எழுதிவிட்டார்களே, இதை யாரிடம் காட்டுவது?" என்றார். நாணமே அவரைக் கட்டியது. சட்டம் கட்டிய கட்டுக்கள் பல உண்டு. அவற்றைப் பின்னர்க் கூறுவோம். ஆயினும் முதற்கட்டு இஃதே என்பது எம் கருத்து.

இனி, "மறைத்தல்" என்னும் இக்குற்றச்சாட்டு எங்கிருந்து வந்தது என்று காண்போம். காப்பீட்டு ஒப்பந்தம் பிற ஒப்பந்தம் போன்றதன்று; மிகுந்த நல்லெண்ணத்தின்மேல் நிற்பது; காப்பீடு கோருவோன் தான் அறிந்த முதன்மையான செய்தி அனைத்தையும் தானே வெளியிடக் கடமைப்பட்டவன் என்பது சட்டம். இக்கொள்கையை விளக்கிக் கூறிய பழைய தீர்ப்பு 1766 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மான்ஸ்பீல்டு பிரபு என்னும் தலைமை நீதிபதி வழங்கியதாகும். சுமத்திரா தீவில் பெங்கூலன் என்னுமிடத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார்க்கு மார்ல்பரோ கோட்டை என ஒன்று இருந்தது. அதன் ஆளுநர் கார்ட்டர் என்பார், அயல்நாட்டார் அக்கோட்டையைக் கைப்பற்றுவராயின் தமக்கு ஈடு கிடைக்குமாறு இலண்டனில் காப்பீடு செய்திருந்தார். 1760 இல் பிரெஞ்சுக்காரர் வந்து கைப்பற்றினர். காப்பீடு கொடுத்தவரோ, "கோட்டை வலியற்றது என்பதை நீர் எமக்கு அறிவிக்கவில்லை" என்று பணம் தர மறுத்தார். அவ்வழக்கில்தான் வெளியிடும் கடமை பற்றிய விதி விரித்துரைக்கப்பட்டது.

கடலுக்கப்பால் இருக்கும் கப்பலையும் கோட்டையையும் இலண்டனில் இருப்பவர் சென்று காண இயலாத காலம் அது. ஆகலின் அறிந்தவன் அறியாதானுக்கு உரைத்தல் வேண்டும் என்பது நேரிதே. ஆனால் ஒன்று. அவ்வழக்கில் வென்றவர் யார் என்று நினைக்கின்றீர்கள்? காப்பீடு செய்த கார்ட்டரே வென்றார்! கேட்டறியக்கூடியதைக் கேளாமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, இழப்பு வந்தபின் "சொல்லவில்லையே" என்றல் தகாது என்பதும் அத்தீர்ப்பின் ஒரு கூறு. இருநூற்றைம்பது ஆண்டுகளாக அத்தீர்ப்பின் முற்பகுதியையே கம்பெனியார் எடுத்தோதி வருகின்றனர். சூத்திரத்தின் பாதியை மட்டும் ஓதி உரை கூறும் மாணவரை யாம் வகுப்பில் இருக்கவிடுவதில்லை.

நம் நாட்டு உச்சநீதிமன்றத் தீர்ப்புக்களும் இருமருங்கும் செல்கின்றன. 2009 இல் முடிந்த ஒரு வழக்கில், நெடுநாளைய நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உடைய ஒருவர் படிவத்தில் நல்ல உடல்நலம் உடையேன் என்று எழுதிப் பாலிசி பெற்றிருந்தார். கம்பெனி மறுத்தது சரியே என்று நீதிமன்றம் கூறிற்று. அத்தீர்ப்பை யாம் குறை கூறோம். நம்மவருள்ளும் அறிந்தே மறைப்போர் இலர் என்று சொல்லத் துணியோம். "சர்க்கரை என்று போட்டால் பிரீமியம் ஏறும் சார்" என்று கற்பிக்கும் ஏஜெண்டுகளும் உளர். அங்ஙனம் மறைப்போர், உண்மை கூறுவார்க்கும் சேர்த்துத் தீங்கு செய்கின்றனர்.

2021 திசம்பரில் வந்த மற்றொரு தீர்ப்பு எம் நெஞ்சைக் கவர்ந்தது. வெளிநாட்டுப் பயணத்துக்கான மருத்துவக் காப்பீடு பெற்று 2009 இல் அமெரிக்கா சென்ற ஒருவர்க்குச் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலேயே நெஞ்சடைப்பு வந்தது. மூன்று ஸ்டென்ட் வைக்கப்பட்டன. தமக்கு நீரிழிவு உண்டென்பதை அவர் பாலிசி எடுக்கும்போதே கூறியிருந்தார். கொழுப்புக்கான மாத்திரையைக் கூறவில்லை என்று கம்பெனி மறுத்தது. பாலிசி பெறுவோரின் உடல்நிலையை ஆராய்ந்து ஏற்றுப் பாலிசி வழங்கியபின், அவர் வெளியிட்ட நோயையே காட்டிப் பின்னர் மறுத்தல் கூடாது என்று உச்சநீதிமன்றம் அறுதியிட்டது. ஆயின் அத்தீர்ப்பு வர எத்துணைக் காலம் ஆயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள்: நோய் 2009; நீதி 2021.

ஏஜெண்டு நிரப்பிய படிவத்துக்கு நாம் பொறுப்பாவோமா என்பது எம்மைப் பலரும் கேட்கும் வினா. பொறுப்பாவோம் என்பதே விடை. 2019 இல் ஓர் ஆயுட்காப்பீட்டு வழக்கில், கையொப்பமிட்டவர் அதிலுள்ளதை அறியேன் என்று தப்ப இயலாது என உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. இது கடுமையான விதி. ஆங்கிலம் அறியாத ஒருவர் ஆங்கிலப் படிவத்தில் இட்ட தமிழ்க் கையொப்பம் அவரை முழுதும் பிணிக்கும் என்பதை எம்மால் மனமுவந்து ஏற்க முடியவில்லை. ஆயினும் உள்ளது அதுவே. ஆகலின் படிவத்தை வீட்டில் ஆங்கிலம் அறிந்த பிள்ளை ஒருவர் வரிவரியாகப் படித்துச் சொன்னபின் கையொப்பமிடுக. பாலிசி கைக்கு வந்தபின் 30 நாளுக்குள் வேண்டாவெனத் திருப்பியளிக்கவும் உரிமை உண்டு. அந்த முப்பது நாளில் பாலிசியைப் பிரித்தவர் இவ்வவையில் எத்துணைப்பேர் என்று யாம் கேட்கப்போவதில்லை.

நம் பாத்திரக்கடை அன்பர் செய்தியிற் பிறிதொரு சிக்கலும் உண்டு. இத்தனை ஆண்டு இடைவிடாது பிரீமியம் செலுத்தியபின், மோசடி மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, நோய் மறைத்தார் என்னும் காரணத்தால் மறுத்தலாகாது என ஒரு கெடு உண்டு. அக்கெடு முன்னர் 8 ஆண்டாக இருந்தது. 2024 ஏப்ரல் முதல் 5 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. முன்னரே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலமும் அப்போதே 48 திங்களிலிருந்து 36 ஆயிற்று. நம்மவர்க்கோ அன்று நான்காண்டும் இரண்டு திங்களுமே ஆகியிருந்தன. புதிய கெடுவின்படி பார்ப்பினும் இன்னும் பத்துத் திங்கள் நெஞ்சுவலி பொறுத்திருத்தல் வேண்டும்!

இனிக் "கேஷ்லெஸ்" மறுப்புக்கு வருவோம். நோயாளி படுக்கையிற் கிடக்க, அறுவைக்கு முன்னர்ப் பணம் கட்டு என்று ஆஸ்பத்திரியார் கூற, கம்பெனி இசைவு மறுக்கும் வேளையில் சட்டம் என்ன செய்யும்? ஏறக்குறைய ஒன்றும் செய்யாது என்பதே மெய். கம்பெனியார் கூறுவது யாதெனின், "யாம் சிகிச்சையை மறுக்கவில்லை, நேரடியாகப் பணம் செலுத்துவதையே மறுத்தோம், நீவிர் செலவு செய்துவிட்டுப் பின்னர்க் கேட்கலாம்" என்பது. சொல்லளவில் இது சரி. கையிற் பணமில்லாதானுக்கு இரண்டும் ஒன்றே என்பதைச் சொல்லளவில் நிற்பார் உணரார். சட்டம் இழப்பைப் பணமாகவே காண்கின்றது; பணம் கட்ட இயலாமல் சிகிச்சை பெறாது வீடு திரும்பியவன் செலவு யாதும் செய்யவில்லை, ஆகலின் கேட்பதற்கு அவனிடம் பில்லும் இல்லை. சிகிச்சை பெற்றுக் கடனாளியானவன் வழக்குத் தொடுக்கலாம். பெறாமலே போனவன் செய்தி கோப்பிற்கே வருவதில்லை.

2024 மே 29 இல் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கை இவ்விடத்து ஒருசிறிது துணை செய்கின்றது. கேஷ்லெஸ் வேண்டுகோள் கிடைத்த 1 மணி நேரத்துக்குள் முடிவு கூறல் வேண்டும். வீடு திரும்பும்போது இறுதி இசைவு 3 மணி நேரத்துக்குள் தருதல் வேண்டும். அதற்குமேல் தாழ்ப்பதால் ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்பதைக் கம்பெனியே ஏற்றல் வேண்டும். ஆய்வுக் குழுவின் ஒப்புதலின்றி எக்கோரிக்கையையும் மறுத்தலாகாது. மறுப்பின் பாலிசியின் எந்த விதிப்படி என்று குறித்தல் வேண்டும். ஆதலின் போன் வழியே "ரிஜெக்ட் ஆயிற்று" என்று கூறுவாராயின், "எந்த விதியின்படி? எழுத்திலே தருக" என்று கேளுங்கள். வாய்மொழி மறுப்பை வழக்கு மன்றத்தில் வைக்க இயலாது.

நம் இளைஞர் பலர் அமெரிக்காவில் வேலையில் இருக்கின்றனர். அங்கே எல்லாம் செம்மையாக இருக்கும் என்று கருதுவோர்க்காக ஒரு சொல். அந்நாட்டில் 1974 ஆம் ஆண்டில் தொழிலாளர் ஓய்வூதியத்தைக் காக்கவென ஒரு சட்டம் இயற்றினர். வேலை கொடுப்போர் வழியாகப் பெறும் மருத்துவக் காப்பீடும் அச்சட்டத்துள் அடங்கியது. அதன் பயனாக, காப்பீட்டார் தவறாக மறுத்தமையால் நோய் முற்றினும், உயிரே போயினும், அவ்வகைக் காப்பீட்டாளர் பொதுவாக மறுக்கப்பட்ட அப்பயனையே கேட்டுப் பெறலாம். அதனால் நேர்ந்த துன்பத்துக்கு ஈடு கேட்க இயலாது. டெக்சஸ் மாநிலத்தார் 1997 இல் தம் மக்களுக்கு அவ்வழக்குரிமையை அளித்தனர். 2004 இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், மையச் சட்டம் இருக்க மாநிலச் சட்டத்தின்படி அவ்வழக்கு நிற்காது என ஒருமனதாகக் கூறிவிட்டது. தொழிலாளரைக் காக்க எடுத்த வேலி தொழிலாளரையே உள்ளே விடாமல் நின்றது. நம் நாட்டிற் சட்டம் அவ்வளவு இறுகவில்லை. நுகர்வோர் ஆணையம் பாலிசித் தொகையோடு மனவேதனைக்கும் செலவுக்கும் சேர்த்து ஈடு வழங்கலாம். ஆனால் அவ்வாயிலை அடையும் வழியே கரடுமுரடானது.

முதலிற் கம்பெனியின் குறைதீர் அலுவலர்க்கு எழுதுதல் வேண்டும். அவர் மறுப்பினும், ஒரு திங்கள் விடையின்றி இருப்பினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். தமிழ்நாட்டார்க்குரிய அலுவலகம் சென்னை அண்ணாசாலையில் இருக்கின்றது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டா, 50 இலட்ச ரூபாய் வரையுள்ள குறைகளைக் கேட்பர், 2023 வரையில் இவ்வெல்லை 30 இலட்சமாக இருந்தது. அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டும். 30 நாளுக்குள் நிறைவேற்றல் வேண்டும். இவ்வளவு எளிய வாயிலை நம்மவர் அறியாதிருத்தல் வருந்தத்தக்கது. ஆயின் இதற்கும் தாழ் உண்டு. கம்பெனியார் நம் ஆட்சேபத்தை மறுத்து விடையளித்த நாள்முதல் ஓராண்டுக்குள் செல்லுதல் வேண்டும். தாமதத்தைப் பொறுக்கும் அதிகாரம் அவர்க்கு உண்டெனினும் தக்க காரணம் காட்டல் வேண்டும். நாணமுற்று இருந்தேன் என்பது தக்க காரணமாமோ? இன்னும், அதே செய்தி பற்றி நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ வழக்கு நிலுவையில் இருப்பின் அவர் கேட்கமாட்டார். நேர்ந்த இழப்பின் அளவைக் கடந்து ஈடு வழங்கவும் அவரால் இயலாது.

கல்லாப்பெட்டிக் கடிதங்கள் எம் கைக்கு வந்தபோது இவ்வாயிலின் ஓராண்டு கழிந்துபோய் ஈராண்டின் தொடக்கம் ஆகியிருந்தது. எஞ்சியது நுகர்வோர் ஆணையமே. 1986 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே காப்பீடு ஒரு சேவையாக வைக்கப்பட்டுள்ளது. இப்போது நடைமுறையில் உள்ளது 2019 ஆம் ஆண்டுச் சட்டம். இதன்படி வழக்குக்குக் காரணம் தோன்றிய நாள்முதல் 2 ஆண்டு கெடு. கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருப்பினும் நாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். எந்த ஆணையம் என்பது நாம் கேட்கும் தொகையைப் பொறுத்ததன்று; நாம் செலுத்திய பிரீமியத்தைப் பொறுத்தது; ஆகலின் சில இலட்சம் கேட்பாரும் ஒரு கோடி கேட்பாரும் பெரும்பாலும் மாவட்ட ஆணையத்துக்கே செல்வர். செலுத்திய தொகை 5 இலட்சத்துக்கு உட்பட்டதாயின் கட்டணமும் இல்லை. தோற்ற கம்பெனி மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யவேண்டின் தீர்ப்புத் தொகையில் பாதியை முன்னரே கட்டுதல் வேண்டும். இவையெல்லாம் நல்ல விதிகளே.

காலம் ஒன்றே கொடிது. மூன்று திங்களில் முடித்தல் வேண்டும் என்று சட்டம் கூறுகின்றது; அம்மூன்று திங்களில் முடிந்த வழக்கை யாம் கண்டதில்லை. எதிர்தரப்பார் 30 நாளிலும், மிகுதியாயின் மேலும் 15 நாளிலும் விடையளித்தல் வேண்டும், அதற்குமேல் ஒருநாளும் நீட்டலாகாது என்று 2020 மார்ச்சில் உச்சநீதிமன்றத்தின் அரசியலமைப்பு ஆயம் அறுதியிட்ட பின்னர் ஒரு முனை நேராயிற்று. வாய்தா என்னும் மறுமுனை நேராகவில்லை. அடகு வட்டி வாய்தாவுக்கு நிற்பதில்லை.

பாதித் தொகை தந்து, "முழுதும் பெற்றுக்கொண்டேன்" என்று கையொப்பம் வாங்கும் வழக்கமும் உண்டு. அதனாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று அஞ்சற்க. வற்புறுத்தியோ ஏமாற்றியோ பெற்ற கையொப்பம் வழக்கைத் தடுக்காது என்பது 1999 ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆனால் வற்புறுத்தலை நாம் காட்டல் வேண்டும். ஆகலின் ஆட்சேபத்தை உடனே எழுதி அனுப்புக. அறைவாடகை மிகுதி என்று பில் முழுவதையும் விழுக்காட்டு முறையிற் குறைக்கும் தந்திரம் தனிச் சொற்பொழிவுக்குரியது, இன்று விடுகின்றோம்.

இனி நம் அன்பர் வழக்கில் யாம் செய்த சிறுபணியைக் கூறுகின்றோம். ஆஸ்பத்திரியின் நோயேட்டு நகல் முழுவதையும் கேட்டு எழுதுவித்தோம். 2002 ஆம் ஆண்டு மருத்துவர் ஒழுக்க விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் நகல் தருதல் வேண்டும். உள்நோயாளரின் ஏடுகளை 3 ஆண்டு வைத்திருத்தல் வேண்டும். மூன்றாண்டு கடந்தபின் கேட்பின் கிடைப்பது ஐயமே. நகல் வந்தது. அறுபதுக்கு மேற்பட்ட தாள்கள். அவற்றுள் "பத்தாண்டு" என்பது ஒரே இடத்தில், அவசரப் பிரிவுத் தாளில் மட்டுமே இருந்தது. மறுநாள் இதய மருத்துவர் தம் கையால் எழுதிய வரலாற்றில் நீரிழிவு என்று மட்டும் இருந்தது, ஆண்டு இல்லை. வீடு திரும்பும்போது தந்த டிஸ்சார்ஜ் சீட்டில் முதல் தாளைப் பார்த்துப் படியெடுத்தவர் பத்தாண்டை மீண்டும் எழுதியிருந்தார். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்குவார்க்கு இது புதிதன்று. முதற்படியில் நேர்ந்த பிழை வழிப்படிகளில் உண்மையாகி நின்றுவிடும். கம்பெனியார் இரு தாள்களைச் சான்றாகக் காட்டினர். யாம் பார்த்தவரையில் அவை ஒரே தாளின் இரு படிகளே.

மறைத்தார் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு மறைத்தார் என்று கூறுவாரையே சாரும். ஆயினும் நம் பக்கத்தும் சான்று இருத்தல் நன்று என்று அன்பரிடம் கேட்டோம். வணிகரல்லரோ! பழைய பேரேடுகளுக்கு இடையில் எல்லாச் சீட்டும் இருந்தன. 2021 ஆனியில் காய்ச்சல் கண்டபோது எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்று கிடைத்தது: சர்க்கரை இயல்பான அளவு. பாலிசி எடுத்து ஈராண்டு கழிந்தபின் எடுத்த சீட்டு அது. 2022 மாசி முகாமில் தந்த அட்டையும் கிடைத்தது. அதில்தான் முதன்முதல் நீரிழிவு என்று எழுதப்பட்டிருந்தது. இவ்விரு தாளும் முன்னமே எடுக்கப்பெற்றுக் கம்பெனிக்கு அனுப்பப்பெற்றிருப்பின் 2023 புரட்டாசியிலேயே செய்தி முடிந்திருத்தலும் கூடும்.

நம் முன்னோர் மகமை வைத்திருந்த காலத்தில் இவ்வல்லல் இல்லை. ஒருவர்க்கு நோய் வந்ததெனின் வீதியே அறியும். எத்தனை ஆண்டாக என்பதையும் அறியும். ஆனால் மகமைப் பெட்டியால் இதயக் குழாய்க்கு ஸ்டென்ட் வைக்க இயலாது. ஆகலின் அக்காலத்தைப் புகழ்ந்துகொண்டிருத்தலிற் பயனில்லை.

2025 தையில் மாவட்ட ஆணையத்தில் முறையீடு பதிவாயிற்று. நம் வழக்கறிஞ அன்பர் ஊதியமின்றி வருகின்றார். கம்பெனியார் தம் விடையில் பத்தாண்டு என்பதையே மீண்டும் எழுதியுள்ளனர். அப்பயிற்சி மருத்துவர் மேற்படிப்புக்காக வேற்றூர் சென்றுவிட்டார். அவர்தம் பிரமாணப் பத்திரத்தைக் கம்பெனியார் தாக்கல் செய்யவில்லை. மருமகள் தன் பிரமாணப் பத்திரத்தைத் தமிழிலேயே அளித்தாள், "பத்து வருஷம் என்று நான் சொல்லவில்லை, ரொம்ப நாளா என்றுதான் சொன்னேன்" என்னும் வரியை அவள் சொன்னபடியே எழுதுமாறு யாம் வற்புறுத்தினோம், திருத்தமான தமிழில் மாற்றலாமா என்று தட்டச்சர் கேட்டபோது வேண்டா என்றோம். முதல் விசாரணை நாளன்று அன்பர் கடையைப் பூட்டிவிட்டுத் தாமே ஆணையத்துக்கு வந்தார். மறுப்போலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். வழக்கு இறுதி வாதத்துக்காக நிற்கின்றது.

ஞாயிறுதோறும் மாலை 4 மணி முதல் 6 மணி வரையில் யாமும் வழக்கறிஞ அன்பர் இருவரும் சங்கப் படிப்பகத்தில் இருப்போம். பாலிசி, நிரப்பிய படிவத்தின் நகல், மறுப்போலை, டிஸ்சார்ஜ் சீட்டு ஆகியவற்றை எடுத்து வருக. தேதி கிழியாத உறையும் இருப்பின் அதனையும் கொணர்க. கெடு கடந்துவிட்டதோ என்று ஐயுறுவோர் முதலில் வருக.